சத்தம் வராத கடைசிக் காட்சி

எங்கள் ஊரில் நாடகத்துக்கு ஆள் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கரண்ட் போக வேண்டும். நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், காவிரியை ஒட்டிய விசைத்தறி ஊர் அது. தெருவுக்கு நான்கைந்து தறிப்பட்டறைகள். கரண்ட் இருக்கிறவரை தறி ஓடும். தறி ஓடுகிறவரை யாரும் அதை விட்டு நகர மாட்டார்கள். நெய்த துணிக்குத்தான் கூலி, நடித்த நாடகத்துக்கு இல்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தில் கரண்ட் நினைத்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஊரே அதைத் திட்டித் தீர்த்தது. ஒரே ஒருவர்தான் வெளியில் திட்டிக்கொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். அவர் என் பெரியப்பா. நாங்கள் எல்லோரும் வேலை செய்த பட்டறை அவருடையது. கரண்ட் போனால் முதல் நஷ்டம் அவருக்குத்தான். ஆனாலும் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து பட்டறை அமைதியானதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வருடாவருடம் ஆடி மாதத்தில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அவர் எழுதி, அவர் இயக்கி, அவரே திரையும் இழுக்கிற நாடகம் ஒன்று உண்டு. கரண்ட் இல்லாத நேரம்தான் ஒத்திகை நேரம்.

அந்த வருட நாடகத்தின் கதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீட்டை விட்டுப் போன கணவன் ஒருவன் பல ஊர் அலைந்து, புத்தி வந்து, கடைசிக் காட்சியில் திரும்பி வந்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் நீளமாகப் பேசுகிறான். அவள் திரும்புகிறாள். மங்களம். பெரியப்பாவின் எல்லா நாடகங்களிலும் யாராவது ஒருவர் கடைசியில் திரும்புவார்கள்.

ஆள் எடுக்கிற நாள் வந்தது. பெரியப்பா பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நடிக்க ஆசைப்பட்டவர்கள் பட்டறையின் அந்தக் கோடியில், சுவரை ஒட்டி நின்று வசனம் பேச வேண்டும். குரல் வாசலுக்கு வர வேண்டும். உண்மையில் இந்தச் சோதனைக்கு எங்கள் ஊரில் அவசியமே கிடையாது. தறிச் சத்தத்துக்குள்ளேயே காலம் தள்ளியவர்களின் குரல் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் போய்விடும். ஒருவர் "தெய்வமே!" என்று ஆரம்பித்ததும் டீக்கடைக்காரர் அங்கிருந்தே "எத்தனை டீங்க?" என்று கேட்டார்.

கத்துவதில் யாரும் தோற்கவில்லை. ரகசியம் பேசுவதில்தான் எல்லோரும் தோற்றார்கள். வில்லனும் அவன் கூட்டாளியும் காதோடு காதாகச் சதி பேசுகிற காட்சி ஒன்று இருந்தது. யார் வந்து பேசினாலும் அந்தச் சதி பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது. "மெதுவாப் பேசுங்கப்பா" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். மெதுவாகப் பேசுவதென்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பது. தறி ஓடும்போது அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். இந்தத் தறியில் நிற்கிறவர் வாயைப் பெரிதாகத் திறந்து, உதட்டைக் குவித்து, கையை ஆட்டுவார். நாலு தறி தள்ளி நிற்கிறவருக்கு அது முழுதாகப் புரிந்துவிடும். குடும்பச் சண்டை, சினிமாக் கதை, சாயங்காலம் என்ன குழம்பு என்பது வரைக்கும் எல்லாம் அந்த இரைச்சலுக்குள் சத்தமில்லாமல் நடக்கும். எட்டு வயதில் எனக்கும் அரைகுறையாக அது வந்திருந்தது. அம்மாவின் உதடு முழுக்கத் தெரியும். மற்றவர்களுடையது பாதி தெரியும்.

கணவன் வேஷம் அப்பாவுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. பெரியப்பாவின் சொந்தத் தம்பி என்பதால் மட்டுமல்ல. ஊரிலேயே பெரிய குரல் அவருடையது. சிக்கல், மனைவி வேஷத்துக்குத்தான் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்பாவுக்குத் தங்கச்சி முறை. தங்கச்சியோடு கணவன் மனைவியாக மேடையேறினால் ஊர் சும்மா விடாது. மீதிப் பாதி முறைப்பெண்கள். அவர்களை அவர்கள் வீட்டுக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள். அப்போதுதான் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, என் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தினார்.

"சொந்தப் பொண்டாட்டியே இருக்கறப்ப எதுக்குங்க ஊரெல்லாம் தேடறீங்க?" என்றார் அத்தை.

அம்மா முதலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, நிமிர்ந்து அந்த ஒரு வரி வசனத்தைச் சொன்னாள். "இந்த வீட்டுல எனக்கு என்ன பேரு?" அவ்வளவுதான் வசனம். அம்மா அதைக் கத்தவில்லை. ஆனாலும் அது ஒவ்வொரு தறியையும் தொட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. டீக்கடைக்காரர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இதுதானம்மா வேணும்" என்றார்.

அம்மா அப்போதுதான் எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். இரண்டு தறிக்கு அப்பால் அப்பா கைகட்டி நின்றிருந்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பாகிட்டச் சொல்லீரு சாமி, எனக்கு ஊட்ல சோலி கெடக்குதுன்னு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். பெரியப்பாவுக்கே அது கேட்டிருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்னேன். சொல்வதுதான் அந்த நாட்களில் என் வேலை.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை.

அம்மா பரமத்தி வேலூர்க்காரி. அவள் பிறந்தது வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். அங்கே யாரும் சத்தமாகப் பேச வேண்டிய தேவையே இருக்காது. கொடிக்காலுக்குள் போனால் காற்றுகூடக் கொஞ்சம் அடங்கித்தான் வீசும். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காதாம். "என்ன சொன்ன, என்ன சொன்னன்னு கேட்டுக் கேட்டு எனக்குக் காது நீண்டு போச்சு" என்று அத்தை சொல்வார். அப்புறம் அம்மாவும் தறியில் நின்றாள். தறி நாடா ஓயாமல் அடிக்கிற சத்தத்தில் அவள் காதும் மங்கியது, குரலும் ஏறியது. எங்கள் தெருவில் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை, ஏனென்றால் தெருவே அப்படித்தான்.

அந்த வருடம் தை மாதத்தில் வேலூரில் என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, கல்யாணம். தாலி கட்டப் போகிற நேரம். மண்டபமே அடங்கியிருந்தது. அம்மாவுக்கு அந்த அமைதி காதில் விழவில்லை. மண்டபத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்து, "பிள்ளைக்கு டிபன் போட்டாச்சுங்களா?" என்று கேட்டாள். மணவறையிலிருந்த மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்துவிட்டார். அப்பாவுக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும். "ஏம்பிள்ளே, இதென்ன தறிப்பட்டறையா? மெதுவாப் பேசுனா வாயா வலிக்குது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாதே. மண்டபம் சிரித்தது. அம்மா பிறந்து வளர்ந்த ஊர், அவள் கூடப் பிறந்தவர்கள், அவளோடு பள்ளிக்கூடம் போனவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. வாய் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். மற்றவர்களோடும் சின்னக் குரலில்தான் பேசினாள். கூடவே அப்பாவுக்கு நைட் ஷிப்டும் வந்துவிட்டது. சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார்; படுக்கை பட்டறையில், நூல் மூட்டைகளுக்கு நடுவில். கரண்டே இல்லாத ராத்திரியில் என்ன ஷிப்ட் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் பொய். அதைவிட நல்ல காலம் என் வாழ்க்கையில் வரவில்லை. ஒரே அறையில் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசினார்கள். "உங்கப்பாகிட்டச் சொல்லு, ரசம் வேணுமான்னு." "வேணும்னு சொல்லு சாமி." "இன்னும் சோறு வேணுமான்னு கேளு." "போதும்னு சொல்லீரு." நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி அத்தனையையும் அட்சரம் பிசகாமல் சொல்வேன். சில சமயம் என் கைச்சரக்கையும் சேர்த்துக்கொள்வதுண்டு. "அம்மா எனக்கு ஐஸ் வாங்கித் தரச் சொன்னாங்க" என்று அப்பாவிடம் சொல்வேன். அம்மா பக்கத்திலேயே இருந்தாலும் மறுத்துச் சொல்ல முடியாது. சொன்னால் அப்பாவிடம் பேசியதாகிவிடுமே. அந்தக் கோடையில் நான் தின்ற ஐஸுக்கு அளவே கிடையாது.

ஒரு நாள் அம்மா போனில் மாமாவிடம் பேசுவதைக் கேட்டேன். "நோம்பி முடியட்டும். பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்தர்றேன். அங்கயே பள்ளிக்கூடம் சேத்திக்கலாம்" என்றாள். எனக்கு ஒரே குஷி. வேலூரில் வாழைத்தார் பழுக்கும், வாய்க்காலில் குளிக்கலாம், மாமா பைக் வைத்திருக்கிறார். அப்பா அங்கே வருவாரா என்று நான் யோசிக்கவேயில்லை. நைட் ஷிப்டில் இருக்கிறவர் எப்படி வருவார் என்றுதான் நினைத்திருப்பேன். அத்தையிடம் இதை ஒரு நல்ல செய்தியாகப் போய்ச் சொன்னேன். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பட்டறைப் பக்கம் போனார். சொன்னது அப்பா காதுக்கும் போயிருக்கும்.

அம்மா நடிக்க மாட்டேன் என்று போய்விட்டதால் மனைவி வேஷம் பட்டறையின் தறி மேஸ்திரிக்குப் போனது. தறி ரிப்பேர் ஆனால் சரி செய்கிறவர் அவர். ஒல்லியாக, உயரமாக, அடர்ந்த மீசையோடு இருப்பார். கடைசி நாள் வரைக்கும் மீசையை எடுக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார். எனக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. கடைசிக் காட்சியில் அந்தத் தம்பதியின் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். "கண்ணத் தொறந்தா நாடகமே போச்சு" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். வீட்டில் பாய் விரித்துத் தூங்கிப் பழகினேன். ஒத்திகை பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நிஜமாகவே தூங்கிவிடுவேன்.

வைகாசி வரைக்கும் ஒத்திகை ஜோராக நடந்தது. கரண்ட் போகும், தறி நிற்கும், எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவே வந்து நிற்பார்கள். ஆனியில் காற்று கிளம்பியது. காற்றடித்தால் தெற்கே காற்றாலைகளெல்லாம் சுற்றும். அவை சுற்றினால் எங்களுக்குக் கரண்ட் நிற்காமல் வரும். ஊர் கும்பிட்டு வாங்கிய வரம் அது. பெரியப்பாவுக்கு மட்டும் இடி விழுந்தது. அவர் கடைசிக் காட்சியை அப்போதுதான் எழுதி முடித்திருந்தார். அதற்கு ஒரு தடவைகூட ஒத்திகை பார்க்கவில்லை. தறியை நிறுத்தச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. கேட்க அவருக்கே மனசும் வராது.

ஆகவே கடைசிக் காட்சியின் ஒத்திகை தறி ஓட ஓடவே நடந்தது. அப்பா தன் தறியில் நின்றபடி வசனத்தைப் பேசுவார். பேசுவார் என்றால், வாயை அசைப்பார். மேஸ்திரி ஸ்பேனரோடு எதிர்த் தறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு அந்த வாயைப் பார்த்து, எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்வார். பெரியப்பா தன் மேசையிலிருந்து கையை உயர்த்தினால் 'இன்னும் உணர்ச்சி வேண்டும்' என்று அர்த்தம். கண்ணைத் துடைத்துக் காட்டினால் 'அழு' என்று அர்த்தம். அப்பா நன்றாகவே அழுதார். நோம்பி வரைக்கும் தினமும் இப்படித்தான். பட்டறையில் எல்லோருக்கும் அந்த வசனம் தெரியும். ஆனால் அந்த வசனத்தை ஒருவரும் ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை.

அந்த நாட்களில் அம்மாவும் தன் தறியில்தான் நின்றாள். அப்பாவின் முகம் தெரியாதபடி பாவு நூல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள் என்று அத்தை பின்னால் சொன்னார்.

நோம்பி வந்தது. கோயில் திடலில் மேடை போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் நாடகம் ஆரம்பமாகிவிட்டது. மேடைக்கு இடப்பக்கம் முழுக்க எங்கள் தறிக்காரர்கள், பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக. வலப்பக்கம் நாற்காலிகளில் வெளியூர் விருந்தாளிகள். நடுநாயகமாகச் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஜவுளி வியாபாரி ஒருவர். பெரியப்பாவின் துணியை வாங்குகிறவர் என்பதால் அவர்தான் தலைமை. வேலூரிலிருந்து மாமாவும் வந்திருந்தார். மறுநாள் காலை எங்களை அழைத்துப் போவதாக ஏற்பாடு. எங்கள் துணிமணியெல்லாம் இரண்டு பைகளில் கட்டி வீட்டில் தயாராக இருந்தது. அம்மா முன்வரிசையில், மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் காட்சிகளெல்லாம் அமோகமாகப் போயின. கரண்ட் இல்லாத நாட்களில் பழகியவை அவை. குரல்கள் மைக்கைத் தேடவே இல்லை. சதிக் காட்சிக்கு ஊரே கை தட்டியது. கடைசியாகத் திரை விலகியபோது நான் பாயில் படுத்திருந்தேன். எனக்குப் பக்கத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்திரையில் வரைந்திருந்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி மேஸ்திரி பட்டுப்புடவையில் நின்றார். மீசை எடுத்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அப்பா எங்களைத் தாண்டி மேடையின் முன்னால் போய் மைக்குக்கு நேராக நின்றார்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன். வசனம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மேலே டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் மோதுவது கேட்டது. எங்கோ ஒரு குழந்தை அழுதது. அப்பாவின் குரலை மட்டும் காணோம். மேஸ்திரி சுவரைப் பார்த்தபடியே, உதடு பிரியாமல், "என்ன சாமி, ஆரம்பிச்சுட்டாரா?" என்று என்னிடம் கேட்டார். தூங்குகிற குழந்தை எப்படிப் பதில் சொல்லும்?

வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "சத்தம் வரல!" இன்னொருவர், "மைக்கப் பாருங்கப்பா!" என்றார். மைக் செட்காரர் ஓடி வந்து வயரைப் பிடுங்கிச் செருகினார். மைக் 'கொய்ங்' என்றது. அப்போதும் அப்பாவின் குரல் வரவில்லை. பிறகு சிரிப்பு கிளம்பியது. முதலில் நாற்காலிப் பக்கம், அப்புறம் பாய்ப்பக்கமும். விஷயம் புரிந்தபோது எனக்கு முகமெல்லாம் சுட்டது. அப்பா அந்த வசனத்தைத் தறியில் பழகியபடியே பேசிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து, கையை ஆட்டி, கண்ணீர் விட்டு, ஒரு பொட்டுச் சத்தமும் இல்லாமல்.

என்னால் பொறுக்க முடியவில்லை. நாடகம் போனால் போகிறது என்று ஒரு கண்ணைத் திறந்தேன். அப்பாவின் முதுகு தெரிந்தது. அவருடைய கைக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக, முன்வரிசையில் அம்மாவின் முகம் தெரிந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்பாவும் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆடிக்கொண்டிருந்த அவர் கை பாதியில் அப்படியே நின்றது. இப்போது தெரிந்துகொண்டார், இனிக் குரலை எடுத்துப் பேசுவார் என்று நினைத்தேன்.

அவர் பேசவில்லை. கை இரண்டையும் கீழே தொங்கவிட்டுக்கொண்டார். தலை மட்டும் மெல்ல அசைந்தது. மறுபடி வாயசைக்கிறார் என்று தெரிந்தது. இடப்பக்கத்துச் சிரிப்பு அடங்கத் தொடங்கியது. பாய்களில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் தட்டிக் காட்டினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க அமைதியானது. தறிக்காரர்கள் அத்தனை பேர் ஒரே இடத்தில் அப்படி அமைதியாக இருந்து நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நாற்காலிக்காரர்கள் மட்டும் "சத்தம், சத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன் அந்தப் பக்கம் அடங்கிவிட்டது என்று புரியாமல் அவர்களும் மெல்ல அடங்கினார்கள். மாமா அம்மாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. சிரிப்பு போய், கண்ணீர் மட்டும் நின்றிருந்தது.

அப்போது அம்மாவின் உதடுகள் அசைந்தன. எனக்கு முழுதாகத் தெரிந்த ஒரே உதடு அது. வெளிச்சமும் நன்றாக விழுந்தது. நான் ஓர் எழுத்துகூட விடாமல் படித்தேன்.

"போதுங்க. ஊட்டுக்கு வாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் முன்னால் மானம் போனது போதும், இறங்கி வந்து தொலையுங்கள் என்று அம்மா திட்டுகிறாள் என்றே நினைத்தேன்.

அப்பா மேடையிலிருந்து படி வழியாக இறங்கவில்லை. அப்படியே முன்பக்கமாகக் குதித்து இறங்கினார். பெரியப்பா பதறிப்போய்த் திரையை இழுத்தார். மேஸ்திரி இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டு, திரும்ப வேண்டிய இடம் எது என்று தெரியாமல் நின்றிருந்தார். வெளியே கைதட்டல் கேட்டது. இடப்பக்கம்தான் முதலில் தட்டியது, விசிலும் பறந்தது. அவர்கள் தட்டியதால் நாற்காலிக்காரர்களும் தட்டினார்கள். தலைமை தாங்கிய ஜவுளி வியாபாரி மைக்கைப் பிடித்து, கடைசிக் காட்சியை வசனமே இல்லாமல் அமைத்த புதுமையை வெகுவாகப் பாராட்டினார். பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பாராட்டை அடக்கத்தோடு வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமும் அப்படியே ஒரு காட்சி எழுதினார், அது எடுபடவில்லை.

அன்று அப்பா என்ன சொன்னார் என்பது பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் மாமாவுக்கும் ஜவுளி வியாபாரிக்கும்தான் தெரியாது. ஊருக்கே தெரிந்ததை என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை; எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு, ஏதோ பேச்சில் அந்த நாடகத்தைச் சொல்லிச் சிரித்தபோதுதான் அத்தை என்னை வியப்பாகப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, உனக்குத் தெரியாதா? கையத் தொங்கப் போட்டதுக்கு அப்பறமா அவன் பேசுனது நாடக வசனமே இல்லையே" என்றார். பிறகு, தறியில் பேசுகிற மாதிரியே வாயை நன்றாகத் திறந்து, ஆனால் சத்தத்தோடு, அதை எனக்குச் சொன்னார்:

"பிள்ளே, அன்னைக்கு உன்ற ஊர்ல எல்லார்த்துக்கும் முன்னால உன்னையச் சொன்னேன். இன்னைக்கு என்ற ஊர்ல எல்லார்த்துக்கும் முன்னால சொல்றேன், நான் சொன்னது தப்பு. உன்ற தொண்டைய இப்பிடி ஆக்குனது நம்ம தறிதான். நீ சத்தமாவே பேசு. பேசாம மட்டும் இருக்காத. போவாத."

அத்தைக்கு அதைச் சொல்லும்போது இத்தனை வருடம் கழித்தும் குரல் உடைந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஊரிலேயே பெரிய குரல் வைத்திருந்த மனிதர், கேட்டுவிட வேண்டிய ஒரே ஆளுக்குக் கேட்டால் போதும் என்று அந்தக் குரலை விட்டுவிட்டார். அதை அப்போதே தெரிந்துகொண்டிருந்தால் அந்தப் பாயிலிருந்து எழுந்து ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டிருப்பேன். தெரியாத பிள்ளை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெட்கத்தில் கிடந்தேன்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது மாமா தனியாக பஸ் ஏறிப் போயிருந்தார். அப்பா நைட் ஷிப்டுக்குப் போகாமல் வீட்டிலேயே தூங்கி எழுந்திருந்தார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏனுங்க, காப்பி ஆறுது, வாங்க!" தெருமுனையில் நின்ற நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்பா அதைவிடச் சத்தமாக, "வாரேன் வாரேன்" என்றார்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில், வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா தோசையைக் கொண்டுவந்து நேராக அப்பாவின் தட்டில் வைத்து, "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று அவரைப் பார்த்தே கேட்டாள். அவர் அவளைப் பார்த்தே, "வெய்யி" என்றார். நான் ஒரு தடவை அம்மாவையும் ஒரு தடவை அப்பாவையும் பார்த்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

"அம்மாகிட்ட ஏதாச்சும் சொல்லோணுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சாமி, நீ சாப்பிடு" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். அவளும் ஒன்றுமில்லை என்றாள். இரண்டு பேருக்கும் நான் இனி வேண்டாம் போலிருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு ஓவென்று அழுதேன். ஏன் அழுகிறாய் என்று இருவரும் ஒரே நேரத்தில், ஒரே சத்தமாகக் கேட்டார்கள்.